மாத்திரை காப்பாற்றிய பிறகு

கம்பம் பள்ளத்தாக்கில் வேலை நாள் இருட்டோடு தொடங்கிவிடும். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடி என்று ஊருக்கு ஊர் ஜீப்புகள் ஆட்களை அள்ளிக்கொண்டு மலையேறும். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு என்று மூன்று மலைப்பாதைகள்; மூன்றும் இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குப் போய்ச் சேரும். பொழுது சாய்ந்தால் அதே ஜீப்புகள் இறங்கும். கீழே முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் நெல்லும் வாழையும் பன்னீர் திராட்சையும் விளைகின்றன. விளைந்ததெல்லாம் லாரி ஏறி வெளியூர் போகிறது. ஆளும் சரக்கும் ஓயாமல் எல்லை தாண்டும் பூமி இது.

1990-களில் எச்.ஐ.வி. லாரிப் பாதைகளையொட்டிப் பரவியபோது தேனி மாவட்டம் தப்பவில்லை. தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு மாவட்டங்களைத் தரம் பிரித்தபோது, கூடுதல் கவனம் தேவைப்படும் 'ஏ' பிரிவில் தேனியும் இருந்தது. ஆண்டிபட்டியில் தொழுநோய்க்கும் காசநோய்க்கும் பணி செய்துவந்த 'ஆரோக்கிய அகம்' எச்.ஐ.வி. பணியையும் சேர்த்துக்கொண்டது. அரசு மருத்துவமனைகளில் 'நம்பிக்கை மையம்' என்ற பெயரில் பரிசோதனை அறைகள் வந்தன. க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கூட்டு மருந்து சிகிச்சை மையம் வந்தது. மக்கள் வாயில் அது 'ஏ.ஆர்.டி. சென்டர்'.

தொற்று எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது என்பதைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. இந்த அத்தியாயத்தின் கேள்வி வேறு. தொற்று வந்து, மாத்திரையும் கிடைத்து, 10 ஆண்டு, 20 ஆண்டு வாழ்ந்துவிட்டவர்களின் உடம்பில் என்ன நடக்கிறது? அவர்களை இனி எது சாகடிக்கும்?

பதிலுக்கு இரண்டு பேரை மனதில் வைத்துக்கொள்வோம். இருவரும் நாம் கணக்குக்காக உருவாக்கியவர்கள். இருவரையும் போன்றவர்கள் எந்த ஏ.ஆர்.டி. மையத்தின் வரிசையிலும் நிற்பார்கள். முதலாமவர் கம்பத்து லாரி ஓட்டுநர். 2005-இல், தன் 35-ஆவது வயதில், எலும்பும் தோலுமாக மாத்திரை தொடங்கியவர். அன்று அவருடைய சி.டி.4 எண்ணிக்கை 60. இரண்டாமவர் ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண். 2018-இல், 35 வயதில், உடம்பில் ஒரு குறையும் தெரியாத நிலையில் தொற்று கண்டறியப்பட்டு, சில நாட்களிலேயே மாத்திரை தொடங்கியவர். அவருடைய சி.டி.4 எண்ணிக்கை 550. இருவருக்கும் ஒரே வைரஸ்தான். ஆனால் முன்னே இருக்கும் ஆயுள் கணக்கு ஒன்றல்ல.

முதல் ஆறு மாதம்

சி.டி.4 என்பது நோய் எதிர்ப்புப் படையை வழிநடத்தும் வெள்ளை அணு. நலமாக உள்ளவரின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 500 முதல் 1,500 வரை இருக்கும். எச்.ஐ.வி. குடியேறுவதும் பெருகுவதும் இந்த அணுவுக்குள்தான். சிகிச்சை இல்லாவிட்டால் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரியும். 200-க்குக் கீழே போனால் ஆபத்துக் கட்டம்; நலமான உடம்பில் தலைகாட்ட முடியாத கிருமிகள் எல்லாம் அப்போது தலையெடுக்கும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் 1986-இல் சென்னையில் கண்டறியப்பட்டது. டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில், செல்லப்பன் நிர்மலா என்ற முதுநிலை மாணவி சேகரித்த ரத்த மாதிரிகளில் அது தெரியவந்தது. அதன்பின் 18 ஆண்டுகள் ஏழைக்கு மருந்து எட்டாக்கனி. 2001-இல் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீத் மூன்று மருந்துகள் சேர்ந்த சிகிச்சையை ஒரு நாளுக்கு ஒரு டாலருக்கும் குறைவாகத் தர முன்வந்த பிறகுதான் கணக்கு மாறியது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சையைத் தொடங்கியது. அந்த எட்டில் தமிழ்நாட்டுக்கு வாய்த்தது ஒன்றே ஒன்று, தாம்பரம் சானடோரியம் என்று எல்லோரும் சொல்லும் அரசு நெஞ்சக மருத்துவமனை. கம்பத்திலிருந்து ஓர் இரவுப் பயணம்.

மருந்து பற்றாக்குறையாக இருந்த அந்நாளில் யாருக்கு முதலில் கொடுப்பது என்பதற்கு ஒரு கோடு கிழிக்க வேண்டியிருந்தது. சி.டி.4 200-க்குக் கீழே இறங்கியவர்களுக்கு முதலில் என்று முடிவானது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் உடம்பு முக்கால்வாசி தோற்ற பிறகுதான் உதவி வரும் என்பதே அதன் பொருள். நம் லாரி ஓட்டுநர் அந்தக் கோட்டுக்கும் வெகு கீழே இருந்தார்.

ஆப்பிரிக்கா, ஆசியா, தென் அமெரிக்காவின் ஏழை நாடுகளில் சிகிச்சை தொடங்கியவர்களையும் பணக்கார நாடுகளில் தொடங்கியவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 2006-இல் 'லான்செட்' இதழில் வந்தது. சிகிச்சை தொடங்கிய முதல் மாதத்தில் ஏழை நாட்டு நோயாளி இறக்கும் வாய்ப்பு மற்றவரைவிட நான்கு மடங்குக்கும் மேல். ஆண்டின் பிற்பாதியில் அந்த இடைவெளி ஒன்றரை மடங்காகச் சுருங்கிவிட்டது. இரு பக்கமும் வைரஸ் ஒரே மாதிரிதான் அடங்கியது. ஆகவே, முதல் மாதச் சாவுகளுக்கு மருந்து வேலை செய்யாதது காரணமல்ல. தாமதமாக வந்ததும், உள்ளே ஏற்கெனவே குடியிருந்த நோய்களுமே காரணம்.

அந்த நோய்களில் முதலிடம் காசநோய்க்கு. சுனிதி சாலமன் நிறுவிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தின் நோயாளிகளை ஆராய்ந்து டாக்டர் நா. குமாரசாமியும் சக ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு நுரையீரல் காசநோய் வந்திருந்தது. நம் ஊரில் காசநோய்க் கிருமியைப் பலரும் சிறு வயதிலேயே சுமக்கத் தொடங்கிவிடுகிறோம். சி.டி.4 அணுக்கள் அதைச் சிறை வைத்திருக்கின்றன. காவலர் குறைந்தால் கைதி வெளியே வருவான்.

இதில் ஒரு விபரீதமும் உண்டு. மாத்திரை தொடங்கிய சில வாரங்களில் சி.டி.4 அணுக்கள் மீண்டு வரும்போது, அதுவரை சத்தமில்லாமல் கிடந்த காசநோய்க் கிருமியை உடம்பு திடீரென அடையாளம் கண்டு ஆவேசமாகத் தாக்கத் தொடங்கும். காய்ச்சல் ஏறும், நெறிகட்டு வீங்கும், மூச்சு முட்டும். 'மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை' என்று குடும்பம் நினைக்கும். சிலர் அத்துடன் நிறுத்தியும்விடுவார்கள். உண்மையில் அது மாத்திரை வேலை செய்வதன் அடையாளம். ஆனால் அனுபவமுள்ள மருத்துவர் பக்கத்தில் இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

அதனால்தான் ஏ.ஆர்.டி. மையத்துக்கு வரும் ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு முறையும் நான்கு கேள்விகள் கேட்கப்படுகின்றன. இருமல் இருக்கிறதா, காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, இரவில் வியர்க்கிறதா? நான்குக்கும் 'இல்லை' என்றால் காசநோய் வராமல் தடுக்க ஐசோனியாசிட் மாத்திரை தரப்படும். பார்வைக்குச் சடங்குபோல் தோன்றும் அந்தக் கேள்விகள்தான் முதல் ஆண்டின் சாவுகளைக் குறைக்கின்றன.

குற்றவாளிக் கூண்டில் மாத்திரை

ஓட்டுநர் முதல் ஆண்டைத் தாண்டிவிட்டார். எடை கூடியது, வண்டியில் ஏறினார். அவருக்குக் கிடைத்தது அன்றைய வழக்கமான மூன்று மருந்துகள்: ஸ்டாவுடின், லாமிவுடின், நெவிரபின். காலை ஒன்று, இரவு ஒன்று.

ஸ்டாவுடின் உயிரைக் காத்தது. ஆனால் கூலி வாங்காமல் விடவில்லை. இரண்டு மூன்று ஆண்டுகளில் பலருக்குக் கன்னத்துக் கொழுப்பு கரைந்து முகம் ஒட்டியது. கைகால்களில் நரம்பு புடைத்தது. பாதத்தில் எரிச்சல், மரமரப்பு. நோய் குணமாகி வரும்போதே முகம் நோயாளி முகமாக மாறியது. ஊருக்குத் தெரியாமல் மாத்திரை சாப்பிட்டு வந்தவர்களை அந்த முகம் காட்டிக்கொடுத்தது. உயிரணுவுக்குள் ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவை அந்த மருந்து கெடுப்பதுதான் இத்தனைக்கும் மூலம். 2009-இல் உலக சுகாதார நிறுவனம் ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடச் சொன்னது. இந்தியாவும் பின்னர் கைவிட்டது. அடுத்து வந்தவற்றுக்கும் குறைகள் இருந்தன. ஜிடோவுடின் சிலருக்கு ரத்தசோகை தந்தது. டெனோஃபோவிர் சிலருக்குச் சிறுநீரகத்தையும் எலும்பையும் தொட்டது. எஃபவிரென்ஸ் சாப்பிட்டவர்கள் விசித்திரமான கனவுகள் வருவதாகச் சொன்னார்கள்.

மேலை நாடுகளில் 1996-லேயே கூட்டு மருந்து வந்துவிட்டதால், நீண்டகால விளைவுகள் அங்கேதான் முதலில் தெரிந்தன. 2003-இல் வெளியான 'டி.ஏ.டி.' என்ற பெரிய ஆய்வு, கூட்டு மருந்து எடுக்கும் ஒவ்வோர் ஆண்டும் மாரடைப்பு வாய்ப்பு ஏறுவதாகச் சொன்னது. மருத்துவ உலகம் யோசித்தது: சி.டி.4 நன்றாக இருக்கும்போது மாத்திரையை நிறுத்தி வைத்தால் என்ன? இதயமும் பிழைக்கும், செலவும் மிச்சமாகும் அல்லவா?

அதைச் சோதிக்க எழுந்ததுதான் 'ஸ்மார்ட்' ஆய்வு. 33 நாடுகள், 5,472 பேர். பாதிப் பேர் தொடர்ந்து மாத்திரை எடுத்தார்கள். மறுபாதிப் பேர் சி.டி.4 350-க்கு மேல் இருந்தால் நிறுத்தி, 250-க்குக் கீழே இறங்கினால் மறுபடி தொடங்கினார்கள். 2006 ஜனவரியில், திட்டமிட்ட காலத்துக்கு முன்பே, ஆய்வில் ஆட்சேர்ப்பை நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தி நிறுத்தி எடுத்தவர்களிடம் சந்தர்ப்பவாத நோயோ சாவோ நேர்ந்தது 2.6 மடங்கு. எல்லோரையும் திகைக்க வைத்தது இன்னொரு முடிவு. மாத்திரையை நிறுத்தினால் குறையும் என்று நம்பியிருந்த இதய, சிறுநீரக, கல்லீரல் கோளாறுகளும் நிறுத்தியவர்களிடமே கூடுதலாக இருந்தன.

மாத்திரைக்குச் சில பக்கவிளைவுகள் இருப்பது உண்மை. ஆனால் இதயத்தைக் கெடுப்பதில் கட்டுக்கடங்காத வைரஸ் அதைவிடப் பெரிய குற்றவாளி என்று தெரிந்துபோயிற்று. 2015-இல் 'ஸ்டார்ட்' ஆய்வு விஷயத்தை முடித்துவைத்தது. சி.டி.4 500-க்கு மேல் உள்ள, நோயே தெரியாத 4,685 பேரில், உடனே தொடங்கியவர்களுக்குக் கடுமையான நோய் அல்லது சாவு நேரும் வாய்ப்பு, காத்திருந்தவர்களைவிட 57 சதவீதம் குறைந்தது. இந்தியாவில் 200, 350, 500 என்று உயர்ந்துவந்த கோடு 2017-இல் ஒரேயடியாக அழிக்கப்பட்டது. தொற்று உறுதியானால் போதும், அன்றே சிகிச்சைக்குத் தகுதி. நம் ஏலத்தோட்டப் பெண்மணி அந்த முடிவின் பயனாளி.

இன்று இருவரும் எடுப்பது ஒரே மாத்திரைதான்: டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெகிராவிர் மூன்றும் சேர்ந்தது. ஒரு நாளைக்கு ஒன்று.

அடங்கிய வைரஸ், அடங்காத அழற்சி

ரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்த பிறகும் ஏன் தொல்லை? இதற்கான விடையின் பெரும்பகுதி நம் குடலில் இருக்கிறது.

உடம்பின் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பங்கு ரத்தத்தில் ஓடுவதில்லை. குடல் சுவரையொட்டிக் குடியிருக்கின்றன. தொற்று வந்த முதல் சில வாரங்களிலேயே, ஆள் நலமாக நடமாடிக்கொண்டிருக்கும்போதே, எச்.ஐ.வி. அங்குள்ள சி.டி.4 அணுக்களைச் சூறையாடிவிடுகிறது. காவல் போன குடல் சுவர் வழியாகக் கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்தில் இறங்கத் தொடங்கும். 2006-இல் டேனியல் டூவெக் குழுவினர் இந்தக் கசிவை ரத்தத்தில் அளந்து காட்டினார்கள். மாத்திரை ரத்தத்தில் உள்ள சி.டி.4-ஐ மீட்பது வேகமாக; குடலில் மீட்பது அரைகுறையாக. உடைந்த கண்மாயை அடைத்த பிறகும் கரையின் அடியில் நீர் கசிந்துகொண்டே இருக்குமே, அந்த நிலை. உடம்பு ஓயாமல் ஒரு சிறு எச்சரிக்கையிலேயே இருக்கிறது. வலியில்லாத, காய்ச்சலில்லாத இந்த மெல்லிய அழற்சி ரத்தக்குழாயின் உட்சுவரைப் பல ஆண்டுகளாகத் தேய்க்கிறது. கொழுப்புப் படிவதும் ரத்தம் உறைவதும் எளிதாகின்றன.

இரண்டாவது காரணம், வைரஸ் ஒழிவதில்லை என்பது. உறங்கும் நினைவு அணுக்களின் மரபணுவுக்குள் தன்னை எழுதிவைத்துவிட்டு அது படுத்துக்கொள்கிறது. பெருகும் வைரஸைத்தான் மாத்திரையால் தடுக்க முடியும். உறங்குவதைத் தொட முடியாது. ராபர்ட் சிலிசியானோ குழுவினர் 2003-இல் போட்ட கணக்கின்படி, அந்த உறங்கும் சேமிப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதங்கள் ஆகும். முற்றிலும் கரைய 70 ஆண்டுகளுக்கு மேல். ஆயுள் முழுக்க மாத்திரை என்று மருத்துவர் சொல்வது இதனால்தான். நிறுத்தினால் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரங்களில் வைரஸ் திரும்பி வந்துவிடுகிறது.

சி.டி.4 எந்தப் பள்ளம் வரை இறங்கியதோ அது உடம்பில் ஒரு தழும்பை விட்டுச் செல்கிறது. ஐரோப்பா, வட அமெரிக்காவில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை வைத்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. சிகிச்சையில் இருந்துகொண்டு சி.டி.4-ஐ உயரத்தில் வைத்திருப்பவர்களின் ஆயுள் மற்றவர்களின் ஆயுளைவிடச் சில ஆண்டுகளே குறைவு. சி.டி.4 தாழ்ந்தே இருப்பவர்களுக்கு இடைவெளி மிகப் பெரியது. நம் இருவரில், பெண்மணி பேத்தி திருமணத்தைப் பார்க்க நினைப்பது பேராசையல்ல. ஓட்டுநரும் பார்க்கலாம், அவருக்குக் கூடுதல் கண்காணிப்பு வேண்டும்.

ஆயிரத்தில் எத்தனை பேர்

'எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு இதய, ரத்தக்குழாய் நோய் வாய்ப்பு இரு மடங்கு.' 2018-இல் உலகெங்கும் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லப்பட்டது இது. உண்மைதான். ஆனால் மடங்குக் கணக்கு கேட்பவரைப் பயமுறுத்திவிட்டு நின்றுவிடும். எதன் மடங்கு என்று கேட்டால்தான் பொருள் விளங்கும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2023-இல் வெளியான 'ரிப்ரீவ்' ஆய்வு. இந்தியா உட்பட 12 நாடுகளில், கூட்டு மருந்து எடுத்துவரும் 40 முதல் 75 வயதுவரையுள்ள 7,769 பேர் கலந்துகொண்டார்கள். இதய நோய் ஆபத்து குறைவு அல்லது நடுத்தரம் என்று கருதப்பட்டவர்கள். வழக்கமாக அவர்களுக்குக் கொழுப்பு மாத்திரை எழுத மாட்டார்கள். பாதிப் பேருக்கு பிடாவாஸ்டாடின் என்ற கொழுப்புக் குறைப்பு மருந்து. மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோன்ற வெற்று மாத்திரை. ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்ததில், மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய நிகழ்வுகள் மருந்து எடுத்தவர்களிடம் 35 சதவீதம் குறைவு.

35 சதவீதத்தை ஆட்களாக மாற்றிப் பார்ப்போம். வெற்று மாத்திரை எடுத்த 1,000 பேரில் ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 7 பேருக்கு இப்படி நேர்ந்தது; மருந்து எடுத்த 1,000 பேரில் ஏறத்தாழ 5 பேருக்கு. ஆயிரத்துக்கு ஆண்டுக்கு இரண்டு பேர் தப்பினார்கள். ஓர் ஆண்டில் இது சிறிய எண். 20 ஆண்டு, 25 ஆண்டு என்று நீளும்போது சிறியதல்ல. ஈடாக, சர்க்கரை நோய் புதிதாக வருவது மருந்து எடுத்தவர்களிடம் சற்றுக் கூடுதலாக இருந்தது. தமிழ்நாட்டு மருத்துவர் அந்த மருந்துச் சீட்டை எழுதும் முன் யோசிக்க வேண்டிய இடம் அது.

ஏனென்றால் இங்கே வயது வந்தோரில் 14 சதவீதம் அளவுக்கு ஏற்கெனவே சர்க்கரை நோய் உண்டு என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 'இன்டியாப்' ஆய்வு. தெற்காசியர்களுக்கு மாரடைப்பு இளம் வயதிலேயே வருகிறது என்பதும் தெரிந்ததே. எச்.ஐ.வி. அதற்கு மேல் ஒரு சுமையை ஏற்றுகிறது. டோலுடெகிராவிர் எடுப்பவர்களில் சிலருக்கு எடை கூடுவது இன்னொரு சுமை. முன்பு எடை கூடினால் 'உடம்பு தேறிவிட்டது' என்று சிஸ்டர் முதல் சித்தப்பா வரை எல்லோரும் மகிழ்ந்தார்கள். இப்போது அந்த மகிழ்ச்சிக்கும் ஓர் எல்லை வேண்டியிருக்கிறது.

பீடியும் கருப்பை வாயும்

டென்மார்க்கில் இலவசமாக, தடையின்றிச் சிகிச்சை பெறும் எச்.ஐ.வி. உள்ளோர் 3,000 பேருக்குச் சற்றுக் குறைவானவர்களை ஆராய்ந்து 2013-இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். 35 வயதில் எச்.ஐ.வி.யும் புகைப்பழக்கமும் உள்ள ஒருவர், எச்.ஐ.வி.யால் இழக்கும் ஆயுள் ஏறத்தாழ 5 ஆண்டு. புகையால் இழப்பது 12 ஆண்டு. நல்ல சிகிச்சை கிடைக்கும் இடத்தில் வைரஸைவிட சிகரெட் இரு மடங்குக்கும் மேல் ஆபத்தானதாகிவிட்டது.

நம் ஓட்டுநர் இரவில் கண் அயராமல் இருக்கப் பீடி பிடிப்பவர் என்று வைத்துக்கொள்வோம். 20 ஆண்டுகளாக மாத்திரையை ஒரு வேளை தவறவிடாதவர். அவருடைய ஆயுளைக் கூட்ட மருத்துவத்திடம் இன்று இருக்கும் மிகப் பெரிய ஆயுதம் புதிய வைரஸ் மருந்தல்ல, பீடியை விட வைப்பது. காசநோய் ஏற்கெனவே தழும்பு விட்டுப்போன நுரையீரலுக்கு அது இரட்டை லாபம்.

பெண்களுக்கு இன்னோர் அபாயம். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு. அந்தப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி. வைரஸை வெளியேற்றும் வேலை எதிர்ப்பு அணுக்களுடையது. அவை தளர்ந்தால் வைரஸ் தங்கிவிடும். புற்றாக மாறப் பல ஆண்டுகள் ஆகும் என்பதால் இதை முன்கூட்டியே பிடித்துவிட முடியும். எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு 25 வயதிலிருந்தே, மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பரிசோதனை வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விடியுமுன் ஜீப் ஏறி இருட்டில் இறங்கும் பெண்ணுக்கு அந்தப் பரிசோதனை என்றால் ஒரு நாள் கூலி போகும். மாத்திரை வாங்க வரும் அன்றே, அதே வளாகத்தில் அதையும் முடித்துக்கொடுத்தால்தான் நடக்கும்.

விட்டுப்போன மாத்திரை

இதுவரை சொன்னதெல்லாம் மாத்திரை தொடர்பவர்களுக்கு. தொடராதவர்களுக்குக் கணக்கு மறுபடி பழைய இடத்துக்கே, காசநோய்க்கும் மூளைக்காய்ச்சலுக்கும், போய்விடும்.

ஏ.ஆர்.டி. மையத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு வெள்ளை அட்டை. அது மையத்திலேயே இருக்கும். நோயாளி கையில் ஒரு பச்சைப் புத்தகம். மாதா மாதம் டப்பாவை எடுத்து வந்தால், மீந்த மாத்திரைகளை எண்ணுவார்கள். 30 மாத்திரை கொடுத்து 28 நாளில் வந்தால் இரண்டு மீந்திருக்க வேண்டும். ஐந்து இருந்தால் மூன்று நாள் போயிற்று என்று பொருள். ஆலோசகர் அப்போது கேட்கும் கேள்வியில்தான் சூட்சுமம். 'ஏன் சாப்பிடலை?' என்று கேட்டால் மறுமுறை டப்பாவைக் காலி செய்துவிட்டு வருவார்கள். 'அந்த மூணு நாள் எங்கண்ணே இருந்தீங்க?' என்று கேட்டால் உண்மை வரும்: தோட்டத்திலேயே தங்க நேர்ந்தது, லயத்தில் எல்லோர் முன்னாலும் டப்பாவைத் திறக்க முடியவில்லை, லோடு கொண்டு போன இடத்தில் ஒரு நாள் கூடுதலாகிவிட்டது, வீட்டில் சாவு, சொந்தக்காரர்கள் நிறைந்திருந்தார்கள்.

பிடிபடும் பயமே பெரும்பாலான இடைவெளிகளுக்குக் காரணம். சொந்த ஊர் மையத்தில் தெரிந்தவர் பார்த்துவிடுவார் என்று வேறு மாவட்டத்துக்குப் போய் மாத்திரை வாங்குகிறவர்கள் உண்டு. கம்பத்திலிருந்து க.விலக்குக்கே சுமார் 50 கிலோமீட்டர். அதையும் தாண்டிப் போகிறவருக்கு ஒரு மழை நாள், ஒரு பஸ் மறியல், ஒரு கூலி இழப்பு போதும், தேதி தள்ளிப்போக. ஊருக்கு அருகிலுள்ள மருத்துவமனையிலேயே மாத்திரை தரும் இணைப்பு மையங்களும், ஒரே தடவையில் மூன்று மாதத்துக்குக் கொடுப்பதும் இதற்கு நல்ல மருந்து. 2020-இல் கொரோனா ஊரடங்கு பின்னதைப் பரவலாக்கியது.

தொற்றைக் காரணம் காட்டி வேலை, சிகிச்சை, வாடகை வீடு மறுப்பதை 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. எய்ட்ஸ் சட்டம் தடை செய்கிறது. சட்டத்தோடு அறிவியலும் துணைக்கு இருக்கிறது. 2011-இல் முடிவு வெளியான 'எச்.பி.டி.என். 052' ஆய்வில், சென்னை, புனே தம்பதிகளும் உட்பட ஒன்பது நாடுகளின் 1,763 இணையர் பங்கேற்றார்கள். ஒருவருக்குத் தொற்று, மற்றவருக்கு இல்லை. உடனே சிகிச்சை தொடங்கியவர்களின் துணைக்குத் தொற்று போவது 96 சதவீதம் குறைந்தது. வைரஸ் அளவு கண்டறிய முடியாத நிலையில் இருப்பவரிடமிருந்து உடலுறவு வழியே தொற்று பரவுவதில்லை என்பது பிந்தைய ஆய்வுகளில் உறுதியாயிற்று. இதைக் கணவனும் மனைவியும் மட்டுமல்ல, மாமியாரும் முதலாளியும் தெரிந்துகொண்டால் டப்பாவை மறைக்கும் தேவையே குறையும்.

ஒரு நோயாளி, எத்தனை சீட்டு

இந்தியாவில் எச்.ஐ.வி.யுடன் வாழ்வோர் 25 லட்சத்துக்கும் மேல். 2004-க்குப் பிந்தைய ஆண்டுகளில் மாத்திரை தொடங்கிய தலைமுறை இப்போது ஐம்பதையும் அறுபதையும் எட்டுகிறது. அந்த வயதில் யாருக்கும் வருவது இவர்களுக்கும் வரும், கொஞ்சம் முன்னதாகவே.

அங்கேதான் நம் மருத்துவ அமைப்பு இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. எச்.ஐ.வி.க்கு ஏ.ஆர்.டி. மையம். சர்க்கரைக்கும் ரத்தக் கொதிப்புக்கும் ஆரம்ப சுகாதார நிலையம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' அந்த மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. வாசலுக்கு வருபவரிடம் எச்.ஐ.வி. பற்றி வாய் திறக்க மாட்டார் நம் ஓட்டுநர். ஏ.ஆர்.டி. மையத்தில் சர்க்கரை மாத்திரை பற்றிச் சொல்லவும் தோன்றாது. விளைவு வெறும் தகவல் குறை மட்டுமல்ல. டோலுடெகிராவிர் எடுப்பவரின் ரத்தத்தில் மெட்ஃபார்மின் அளவு ஏறிவிடும். ஆகவே நாளுக்கு 1,000 மில்லிகிராமுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது வழக்கம். இரும்புச் சத்து, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் சேர்த்து விழுங்கினால் டோலுடெகிராவிர் சரியாக உடம்பில் சேராது; உணவோடு சேர்த்து எடுக்க வேண்டும், அல்லது இடைவெளி விட வேண்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கினால் டோலுடெகிராவிரை ஒரு வேளைக்குப் பதில் இரு வேளையாக்க வேண்டும். ஒரு கை எழுதுவது மறு கைக்குத் தெரியாவிட்டால் மூன்றிலும் தப்பு நேரும்.

2018-இல் வைரஸ் அளவுப் பரிசோதனை நாடு முழுவதும் இலவசமாக, வழக்கமான ஒன்றாக ஆனது. 'கண்டறிய முடியவில்லை' என்று முடிவு வந்தால் நோயாளி நிம்மதியாகிறார், மருத்துவரும் நிம்மதியாகிறார். நிம்மதி நியாயமானதே. ஆனால் அந்தத் தாளால் சொல்ல முடிவது இனி எதனால் சாக மாட்டார் என்பது மட்டும். எதனால் சாகக்கூடும் என்பதைச் சொல்ல ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, கிரியாட்டினின், இடுப்புச் சுற்றளவு, பீடிக் கணக்கு, பெண்ணானால் கருப்பை வாய்ப் பரிசோதனை என்று இன்னும் ஆறேழு வரிகள் வேண்டும். ஒன்றுக்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. எல்லாம் ஒரு தாலுகா மருத்துவமனையில் செய்யக்கூடியவை. நம் ஓட்டுநர் 75 வயதில் மாரடைப்பில் இறந்தால் அது கூட்டு மருந்தின் வெற்றி. 58 வயதில் அதே மாரடைப்பில் இறந்தால், 20 ஆண்டுகளாக மாதா மாதம் மருத்துவமனைக்குத் தவறாமல் வந்த ஒருவரின் கையில் ரத்த அழுத்தக் கருவியை யாரும் சுற்றவில்லை என்று பொருள். பச்சைப் புத்தகத்தில் அதற்கும் ஒரு கட்டம் இருக்க வேண்டும். அது காலியாக இருந்தால் 'ஏன் எழுதலைங்க?' என்று கேட்கும் உரிமை புத்தகத்தை வைத்திருப்பவருக்கு உண்டு.